அடைச்சாச்சு

நாச்சம்மாளை, கேரள எல்லைக்குள் இருக்கிற தமிழூரான வடகரப்பதியில், கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லட்டும், உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? கட்டின புருஷனைக் கொண்டுபோய் ஒற்றப்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தவள், வந்த அன்றைக்கே தோட்டத்தில் இறங்கித் தட்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். பார்க்காதவர்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி வேலந்தாவளம் சந்தை வரைக்கும் சொன்னார்கள்.

"புருசனக் கொண்டுபோயி அடைச்சுப்போட்டு வந்து காய் பறிக்கறா பாரு. நெஞ்சா அது?"

நெஞ்சுதான். ஆனால் மரத்துப்போன நெஞ்சு. அழுகை வந்தால் அழமாட்டேன் என்றா சொன்னாள்? வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

ரத்தினசாமிக்கு மறதி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் மோட்டார் ரூம் சாவியை மறந்தார். பிறகு தின்ற சோற்றை மறந்து, சோறு போடவில்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் புகார் சொன்னார். எப்போதோ செத்துப்போன தம்பியைத் தேடிக்கொண்டு எல்லை தாண்டி நடந்தே போய், தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்த கதையும் நடந்தது. கடைசியில் நாச்சம்மாளையே மறந்தார். ஒருநாள் விடியற்காலையில் அடுப்படியில் குனிந்து நின்றவளை யாரோ திருடி என்று நினைத்து, ஆடு ஓட்டுகிற தடியால் ஒரு போடு போட்டார். மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட கை, விரல் நுனிவரை மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருக்க வேண்டும். கட்டைப் பிரித்த பிறகு கைக்கு உணர்ச்சி வந்தது. மற்றதற்கு வரவில்லை. காலையில் எழுந்தாள், சாணி வாரினாள், சமைத்தாள், தின்றாள், படுத்தாள். ருசி தெரியவில்லை.

"அம்மா, அவரு ஒரு நாளைக்கு உன்னயக் கொன்னே போடுவாரு. பொறகு நான் ஆரைன்னு பாக்கறது?" என்று சண்டைபோட்டு இல்லத்தை ஏற்பாடு செய்தது மகள் செல்வப்பிரியா. கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாச்சம்மாள் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. இல்லத்தில் மறதிக்காரர்கள் மட்டும்தான். நர்ஸுகள் உண்டு, குளிப்பாட்ட ஆள் உண்டு, விழுந்துவிடாமல் பிடித்து நடக்கச் சுவரெல்லாம் கம்பி உண்டு.

அவர் போன பிறகு அவள் ஆடுகளை விற்றாள். ஒற்றை ஆளாய் எத்தனைதான் மேய்ப்பது? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. பட்டி வெறிச்சென்று கிடந்தது. பட்டி என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை, கிளுவை முள் வேலி, நடுவில் மூங்கில் படல் ஒன்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படலை அடைத்தது ரத்தினசாமிதான். வேறு யார் அடைத்தாலும் அவருக்கு நம்பிக்கை வராது. பொழுது சாய்ந்ததும் ஆடுகளை உள்ளே விட்டு, ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுப் பார்த்து, படலைச் சாத்திக் கயிறு போட்டு, விட்டதா பிடித்ததா என்று ஒருதரம் இழுத்தும் பார்ப்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து ஒரு வாக்கியம் சொல்வார்.

"அடைச்சாச்சு. சோத்தப் போடு."

அவ்வளவுதான் மனுஷன் பேச்சு. கொஞ்சல் கிடையாது, குலவல் கிடையாது. "வந்த நாளாப் பொண்டாட்டிகிட்டப் பேசுன பேச்சு இது ஒண்ணுதான்" என்று நாச்சம்மாள் சொந்தபந்தம் கூடின ஒறம்பரையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். காய்ச்சல் வந்து படுத்தாலும், மாமனார் செத்த வீட்டிலும், மகள் பிறந்த அன்றைக்கும் அந்த வாக்கியம் தவறியதில்லை. அடித்துக் கையை முறித்தாரே, அன்றைக்குச் சாயங்காலமும் பட்டியை அடைத்துவிட்டு வந்து, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் அதையேதான் சொன்னார். எத்தனை மறந்தாலும் இதை மட்டும் அவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாச்சம்மாள் பஸ் மாறி பஸ் மாறி இல்லத்துக்குப் போவாள். மத்தியானம் போய்ச் சேர்ந்து, கொண்டுபோன தயிர்ச்சோற்றை ஊட்டிவிட்டு, வெயில் தாழுமுன் கிளம்பிவிட வேண்டும். அப்போதுதான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதனால் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. தொல்லை எல்லாம் அந்த நேரத்தில்தான் என்று நர்ஸ் ஜின்சி சொல்லுவாள்.

ஜின்சி கோட்டயத்துப் பக்கத்துப் பெண். நல்ல பெண். நாச்சம்மாளுக்குச் சந்தை மலையாளம் நன்றாகவே புரியும், ஆனாலும் ஜின்சி விடமாட்டாள், சினிமா பார்த்துக் கற்ற தமிழில்தான் அவளிடம் பேசுவாள். மரியாதையாம்.

"அம்மச்சி, அப்பச்சன் சாயங்காலம் ஆனா நாய் நாய்னு ரொம்பப் பயப்படுது. நாய் படுத்திருக்கு, நாயை அடிக்கணும்னு சொல்லி ஓடுது. பிடிச்சா நம்மளத் தள்ளுது."

நாயா? நாச்சம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். முன்பொரு வருஷம் தெருநாய்கள் பட்டிக்குள் பூந்து குட்டிகளைக் கடித்துக் குதறியிருந்தன. அந்தப் பயம்தான் அடிமனதில் கிடந்து இப்போது மேலே வருகிறது என்று செல்வப்பிரியாவும் சொன்னாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்! நாச்சம்மாள் எருத்தேன்பதிக்குப் போய் நாய்ப்பயத்துக்கு மந்திரிக்கிறவரிடம் கறுப்புக் கயிறு வாங்கிவந்து ரத்தினசாமியின் கையில் கட்டினாள். அந்த மந்திரவாதி, நாய் என்ன நிறம் என்று வேறு கேட்டார். செம்பட்டை என்று இவளாகவே ஒன்றைச் சொல்லிவைத்தாள்.

இல்லத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அங்கே குட்டன் என்று ஒரு கிழட்டு நாய் இருந்தது. பல் விழுந்த நாய், கடிக்கச் சொன்னாலும் கடிக்காது, முற்றத்து மாமரத்தடியில் நாளெல்லாம் தூங்கும். இருந்தாலும் எதற்கு வம்பு என்று அதைச் சமையல்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம், வாயில்லா ஜீவன். நாய் போன பிறகும் ரத்தினசாமி நாய் நாய் என்றே ஓடினாராம். இல்லாத நாயைப் பார்க்கிறார் என்றால் அது மூளைக்கோளாறுதான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். கேட்கவில்லை. கூட்டி எழுதினார்.

அந்த மாத்திரை ரத்தினசாமியைச் சாய்த்துவிட்டது. நாச்சம்மாள் போகிறபோதெல்லாம் நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருப்பார். கடைவாயில் எச்சில் ஒழுகும். ஊட்டினால் வாய்க்குள் அப்படியே வைத்துக்கொண்டிருப்பார், விழுங்க மறந்துபோய் புரையேறும். அடித்த கைதான் அது, மடியில் செத்த கொக்கு மாதிரி கிடந்தது. அவள் துடைத்துவிடுவாள், ஊட்டுவாள், துடைத்துவிடுவாள். ஐயோ என்று தோன்ற வேண்டிய இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்பதுதான் தோன்றியது. அப்படித் தோன்றுகிறதே என்றுகூட வருத்தப்பட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்லத்தை நடத்துகிற பெரிய சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்லமாதிரி, தணிந்த குரலில்தான் சொன்னாள். மாத்திரையைத் தாண்டியும் சாயங்காலங்களில் கலாட்டா நிற்கவில்லை, மற்றவர்கள் பயப்படுகிறார்கள், ஓர் ஆயாவைத் தள்ளி அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை டாக்டர் வரும்போது இன்னும் கூட்டத்தான் சொல்வார். அதற்கும் அடங்கவில்லை என்றால் மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக்கொடுக்க வேண்டிவரும், இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

இன்னும் கூட்டினால் மனுஷன் முழுங்கவே மாட்டார், போய்ச் சேர்ந்துவிடுவார். கூட்டாவிட்டால் ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கூட்டிப்போனால் மறுபடி தடி. மூன்று பக்கமும் சுவர். நாச்சம்மாள் சரிங்க என்றாள். வேறென்ன சொல்ல?

திரும்பி வந்து ரத்தினசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஜின்சி, அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு கட்டிலாகக் காட்டி விவரம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குள் மலையாளம்தான், சாயங்காலமானால் இவரிடம் கவனம் என்று.

"ஈ அப்பச்சனெ வைகுந்நேரமாயால் சூக்ஷிக்கணம் கேட்டோ. பட்டி கிடக்குந்நு, பட்டியெ அடிக்கணம் எந்நு பறஞ்ஞு ஓடும்."

நாச்சம்மாளின் கை சோற்றிலேயே நின்றது.

பட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அது வடகரப்பதியில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாலக்காட்டுச் சித்தூர்க்காரன் சண்டையில் பட்டி என்று திட்டினால் இவர்கள் நாயே என்று திருப்பித் திட்டுவார்கள். ஆனால் ரத்தினசாமி பிறந்ததிலிருந்து நாயை நாய் என்றுதானே சொல்லியிருக்கிறார்? அவர் வாயில் பட்டி என்றால்...

"கண்ணு, இங்க வா" என்றாள் ஜின்சியைப் பார்த்து. "அவரு என்ன சொல்லுவாரு? நாயின்னா சொன்னாரு?"

"நாய்தான் அம்மச்சி. பட்டி."

"நீ மாத்தாத சாமி. அவரு வாயில எப்படி வருதோ அப்படியே சொல்லு."

ஜின்சி கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கையைக் கதவுப் பக்கம் நீட்டி, ரத்தினசாமி மாதிரியே சொல்லிக்காட்டினாள்.

"பட்டி தொறந்து கெடக்குது! பட்டி அடைக்கோணும்! உடுங்கடா என்னைய, பட்டி அடைக்கோணும்!"

அட கடவுளே.

கெடக்குது என்றால் கிடக்குந்நு, நாய் படுத்துக் கிடக்கிறது. அடைக்கோணும் என்றால் அடிக்கணம், நாயை அடிக்க வேண்டும். தொறந்து மட்டும் நாய்க்கு ஒட்டாமல் உதிர்ந்துவிட்டது, மற்றபடி ஒரு சொல்லும் தவறில்லை. அவர் சொன்னதும் சரி, அவர்கள் கேட்டதும் சரி. இந்தப் பெண் மலையாளத்தில் ஒருதரம் சொல்லியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். தமிழ்க்காரிக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று மரியாதை பார்த்து, பட்டியை நாயாக்கிக் கொடுத்துவிட்டாள். இவளும் நாய் என்றதும் செம்பட்டை நிறமா என்று யோசிக்கப் போனாளே ஒழிய, மனுஷன் சாயங்காலம் எங்கே ஓடுவார் என்று யோசித்தாளா? இல்லாத நாய்க்கு மாத்திரை, இல்லாத நாய்க்குக் கயிறு, இருந்த நாய்க்கு நாடுகடத்தல்.

"ஆட்டுப் பட்டி, சாமி" என்றாள் நாச்சம்மாள். "ஆடு அடைக்கற எடம். எங்கூர்ல அதுதான் பட்டி. அவரு பொழுதோட அதை அடைக்கோணும்."

ஜின்சிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் திரும்பிய பக்கம் நாச்சம்மாளும் பார்த்தாள். ரத்தினசாமியின் கட்டிலுக்கு நேரெதிரே முற்றத்துக்குப் போகிற கம்பிக் கேட். வெளிக்காற்றுக்காக எல்லோரையும் முற்றத்தில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூட்டிவந்து முடிகிறவரை அது சாயங்காலம் முழுக்க விரியத் திறந்தே கிடக்கும்.

அன்றைக்கு நாச்சம்மாள் கடைசி பஸ்ஸுக்குப் போகவில்லை. ஜின்சியே அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் நம்பியும் நம்பாமலும் கேட்டாள். பிறகு டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் அந்தப் பக்கம் சிரித்தது இவர்களுக்கும் கேட்டது. இன்றைக்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்துப் பார், தேவைப்பட்டால் கொடு என்றாராம்.

பொழுது சாய்ந்தது. நாற்காலியில் தொங்கிக் கிடந்த தலை மெல்ல நிமிர்ந்தது. ரத்தினசாமி கேட்டைப் பார்த்தார். கால் நடுங்க எழுந்து நின்றார். "பட்டி..." என்று குழறினார்.

"ஆமாங்க, தொறந்துதான் கெடக்குது" என்றாள் நாச்சம்மாள். "வாங்க, அடைச்சுப்போட்டு வரலாம்."

யாரும் பிடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்து போனார். முற்றத்தில் இருந்தவர்கள் உள்ளே வந்து முடிகிறவரைக்கும் கேட்டின் ஓரமாக நின்றார். பிறகு இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளிச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். ஒருதரம் இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான், உடம்பில் இருந்த முறுக்கெல்லாம் இறங்கியது. மாத்திரை சிஸ்டரின் கையிலேயே இருந்தது.

நாச்சம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். எதற்கென்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. அவர் தோளைத் தடவினார், அங்கே துண்டு இல்லை. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மருந்து மயக்கத்தில் சொல் வழுக்கிவிட்டதோ என்னவோ, கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் எதற்குக் காத்துநின்றோம் என்று. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த வாக்கியம் வேண்டும். ஒரே ஒருதரம் கேட்டால் போதும்.

அதற்குப் பிறகு மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கேட்டை அடைப்பது ரத்தினசாமியின் வேலை என்று ஆனது. சாயங்காலத்து ஓட்டம் நின்றது. முகத்தில் ரத்தம் ஊறியது, தானே அள்ளித் தின்றார், நிமிர்ந்து நடந்தார். ஜின்சி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். இப்போதெல்லாம் அவள் எதையும் மொழிபெயர்ப்பதில்லை, அவர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பாள். குட்டனும் சமையல்காரர் வீட்டிலிருந்து திரும்பி வந்து மாமரத்தடியைப் பிடித்துக்கொண்டது.

நாச்சம்மாள் ஒரு கணக்குப் போட்டாள். இங்கே அடங்குகிறவர் அங்கேயும் அடங்குவார்தானே? சரிந்து கிடந்த கிளுவை வேலியைச் சரிபண்ணினாள். படலுக்குப் புது மூங்கில் வைத்துக் கட்டினாள். ஆறேழு செம்மறிக் குட்டிகள் வாங்கிவிட்டாள். செல்வப்பிரியா போனில் கத்தினாள்.

"உனக்கென்னம்மா கிறுக்கா? மறுபடி அடிச்சா?"

"அடிச்சா அடிக்கட்டும். பட்டி இருந்தா அவரு அடங்கி இருப்பாரு கண்ணு. வந்து காரெடு, போயிக் கூட்டிட்டு வந்தர்லாம்."

சொன்னால் கேட்கிற பிறவியா? தாயும் மகளும் அந்த வாரமே போனார்கள். நாச்சம்மாள் வெளுத்த வேட்டி, சட்டை, புதுத்துண்டு எல்லாம் ஒரு பையில் போட்டுக் காரில் வைத்திருந்தாள். ரத்தினசாமி முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கவில்லை. இவர்களைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. மழை கிழை உண்டுங்களா உங்கூர்ல?"

"இல்லீங்க" என்றாள் நாச்சம்மாள். "காஞ்சு கெடக்குதுங்க."

"இங்கயும் அப்படித்தானுங்க" என்றார்.

பெரிய சிஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இடம் மாறினால் திரும்பக் குழம்புவார், காலி இடத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், திரும்பி வந்தால் உடனே கிடைக்காது, யோசித்துச் செய்யுங்கள் என்றாள். நாச்சம்மாள் யோசிக்கவில்லை. யோசித்தால் நடக்கிற காரியமா இது? மகள் சிஸ்டரோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, துணி மாற்றிக் கூட்டிப்போகலாம் என்று பையை எடுக்கக் காருக்குப் போனாள். கார் ரோட்டோரம் மரத்தடியில் நின்றது. கதவு திறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, பையை எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்குள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

ரத்தினசாமி கம்பிக் கேட்டின் ஓரம் நின்றிருந்தார். முற்றத்திலிருந்து ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மூணாறு பக்கம் டீ பாக்டரியில் வேலைபார்த்த செல்லத்துரை என்ற பெரியவர், "சங்கு ஊதிட்டான்லே, எல்லாவனும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ரத்தினசாமி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார், ஆடு ஓட்டுகிற சத்தம். போகிற ஒவ்வொருவர் முதுகையும் லேசாகத் தொட்டார். தள்ளுவண்டியில் வந்த அம்மாளின் முதுகையும் குனிந்து தொட்டார். கடைசியாகக் குட்டன் எழுந்து சோம்பல் முறித்து வந்தது. அதையும் தொட்டு உள்ளே விட்டார். கேட்டைச் சாத்தினார்.

நாச்சம்மாள் பையோடு வெளியே நின்றாள்.

"ஏனுங்க" என்றாள்.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் பார்த்தார். நல்ல தெளிவான பார்வை. மாத்திரைப் புகை இல்லாத பார்வை. அதில் அவள் இல்லை.

"ஆருங்க? எந்தூருங்க நீங்க?"

"வடகரப்பதிங்க."

"நம்மூருதான். ஆடு ஏதாச்சும் தப்பி வந்துருச்சுங்களா?"

அவள் கம்பியருகே ஓர் எட்டு வைத்தாள்.

"நம்ம பட்டியில உருப்படி எல்லாம் செரியா இருக்குதுங்க. அடைச்சுப்போட்டேன். இனிக் காலம்பறதான் தொறப்பேன்" என்றார். பிறகு, ஊர்க்காரி என்ற அக்கறையோடு சொன்னார். "பொழுது போயிருச்சு பாருங்க. ஊட்டுல தேடுவாங்க. வெசயாப் போய்ச் சேருங்க."

உள்ளேயிருந்து ஜின்சி பதறிப்போய் ஓடிவந்தாள். "அய்யோ, அம்மச்சி வெளியே! அப்பச்சா, மாறு" என்று கொண்டியில் கை வைத்தாள். அவர் முகம் மாறியது. பழைய முறுக்கு தோளில் ஏறுவதை நாச்சம்மாள் பார்த்தாள்.

இப்போது திறந்தால் என்ன ஆகும்? திறக்கலாம். உள்ளே போய் வேட்டி மாற்றிவிடலாம். நாலுபேர் பிடித்துக் காரில் ஏற்றலாம். எல்லா உருப்படிகளையும் தொட்டு உள்ளே விட்ட பட்டியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போய், ஆறேழு குட்டிகள் நிற்கிற ஒரு பட்டியின் முன்னால் இறக்கி, இதுதான் உன்னுடையது என்று சொல்லலாம். அவர் ராத்திரி முழுக்கத் தேடுவார். இந்தப் பட்டி திறந்து கிடக்கிறது என்று அங்கே கத்துவார்.

"தொறக்காத கண்ணு" என்றாள். "அவரு அடைச்சது அடைச்சபடி இருக்கட்டும். தொறந்தா அவருக்குத் தூக்கம் வராது."

ஜின்சி கையை எடுத்தாள். நாச்சம்மாள் பையைத் திறந்து புதுத்துண்டை மட்டும் எடுத்துக் கம்பி வழியாக அவளிடம் நீட்டினாள். ஜின்சி அதை வாங்கி ரத்தினசாமியின் தோளில் போட்டாள். அவர் கொண்டியை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிடித்திருந்தது. துண்டை எடுத்து உதறினார், திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஜின்சியை நேராகப் பார்த்தார்.

"அடைச்சாச்சு. சோத்தப் போடு."

ஜின்சி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

நாச்சம்மாளுக்கு முதலில் மணிக்கட்டு வலித்தது. எப்போதோ ஆறிப்போன எலும்பு, இப்போது எதற்கு வலிக்க வேண்டும்? பிறகு நெஞ்சு வலித்தது. பிறகு வந்தது பாருங்கள் அழுகை, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, இத்தனை நாள் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கியவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சிஸ்டரின் அறையிலிருந்து பக்கவழியாகச் சுற்றிக்கொண்டு ஓடிவந்த செல்வப்பிரியா பயந்துபோய் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"என்னம்மா? மறுபடி அடிச்சுப்போட்டாரா?"

நாச்சம்மாள் இல்லை என்று தலையாட்டினாள்.

"சோத்தப் போடுன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டாரு கண்ணு" என்றாள்.

செல்வப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு காரைப் பார்க்க நடத்திக்கொண்டு போனாள்.